கப்பல் சாய்கிறதா? அறிகுறியை வைத்து நோயின் பழைய பெயரைக் கண்டுபிடிக்க

என் மாதிரிக் கப்பல் முதன்முதலில் தண்ணீரில் இறங்கியது துணி துவைக்கிற தொட்டியில். மூன்று பாய்மரம், 1:64 அளவு, எட்டு மாத வேலை. கையை எடுத்த மறுநொடி பக்கவாட்டில் படுத்துக்கொண்டது, பாய்த்துணியெல்லாம் சோப்புத் தண்ணீர் குடித்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கு வாளியே தேவலை, நேரா நிக்கும்" என்றுவிட்டுப் போனார்.

அதைச் சரிசெய்யப் போய்த்தான் பழைய மாலுமிச் சொற்களுக்குள் விழுந்தேன். பாய்க்கப்பல் காலத்து ஐரோப்பிய மாலுமிகள் தள்ளாடும் கப்பலுக்கு ஒரே பெயரோடு நிறுத்தவில்லை. எந்த விதத்தில் தள்ளாடுகிறது என்பதற்கு ஏற்பத் தனித்தனிப் பெயர்: கிராங்க், வால்ட், டெண்டர், ஸ்டிஃப். இன்றைய அகராதியைத் திறந்தால் டெண்டர் என்பதற்கு மென்மை என்று இருக்கும். "அது ஒரு மென்மையான கப்பல்" என்று எங்கோ மொழிபெயர்ப்பில் படித்து, பூப்போல மிதக்கும் போலிருக்கிறது என்று நானே நினைத்திருக்கிறேன். அந்தக் கேப்டன் சொல்ல வந்தது, இந்தச் சனியனை நம்பிப் பாய் விரிக்க முடியாது என்று.

மாதிரிக் கப்பல் மிதக்கவிடுகிறவர்கள், பழைய பயணக் குறிப்பு படிக்கிறவர்கள், கடற்கதை மொழிபெயர்க்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இது. உங்கள் கப்பல் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் ஒரு தள்ளு

கப்பலை அசையாத தண்ணீரில் நிறுத்தி, விளிம்பில் ஒரு விரல் வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எவ்வளவு எளிதாகச் சாய்ந்தது, திரும்பி வந்ததா, வந்தது சோம்பேறித்தனமாகவா வெடுக்கென்றா. பாதி வைத்தியம் இதிலேயே முடிந்துவிடும். சோம்பலாக எழுந்தால் நிலைத்தன்மை குறைவு, வெடுக்கென்று எழுந்தால் அதிகம்.

இதே சோதனையை நிஜக் கப்பலிலும் செய்திருக்கிறார்கள். ஸ்வீடன் மன்னருக்காகக் கட்டிய வாசா என்ற போர்க்கப்பலில், அது கிளம்புவதற்கு முன் 30 ஆட்களை மேல்தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அட்மிரல் கிளாஸ் ஃப்ளெமிங் போதும் என்று நிறுத்திவிட்டார். நிறுத்தியது கப்பலை அல்ல, சோதனையை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய வாசா சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் ஒரு காற்றுக்குச் சாய்ந்து, கீழ்வரிசைப் பீரங்கிச் சன்னல்கள் வழியாகத் தண்ணீர் குடித்து மூழ்கியது. சோதனை சரியான விடையைச் சொன்னது, கேட்கத்தான் ஆளில்லை.

லேசான காற்றுக்கே படுத்துக்கொள்கிறது

இதுதான் கிராங்க். அப்படியொன்றும் அசைக்காத காற்றுதான், ஆனாலும் கப்பல் சரிந்துவிடும், பாயைச் சுருக்கினால்தான் நிமிரும். இதன் மிதமான வடிவம் டெண்டர்: சாயும், ஆனால் கவிழ்கிற கட்டத்துக்கு எளிதில் போகாது. பயணக் குறிப்பில் டெண்டர் என்று வந்தால் கேப்டன் எரிச்சலில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் என்று வந்தால் பயத்தில் இருக்கிறார். டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் ராங்க் என்றார்கள். எனக்குப் பிடித்தது மத்தியதரைக் கடல் பக்கத்துப் பெயர்தான். பிரெஞ்சில் ஜலூ, ஸ்பானிஷில் செலோசோ, இரண்டுக்கும் பொருள் பொறாமை பிடித்தது, சந்தேகப் பிராணி. தம்மாத்துண்டு விஷயத்துக்கும் துள்ளுகிற ஆள் மாதிரி தம்மாத்துண்டு காற்றுக்கும் துள்ளுகிற கப்பல். தமிழில் எழுதுகிறவர்கள் தொட்டாற்சிணுங்கி என்று போட்டால் போதும், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காரணம் இரண்டில் ஒன்று. அடியில் பாரம் போதாது, அல்லது கப்பலைக் கட்டியதே தப்பு. பாரம் போதாத கப்பலுக்கு 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வால்ட் என்று தனியாகவே ஒரு சொல் இருந்தது. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் வால்ட் நோய்க்கு மருந்து மலிவு: அடியில் பேலஸ்ட், அதாவது கூழாங்கல்லோ இரும்புக் கட்டியோ சேர்த்துவிடலாம். அந்த இரும்புக் கட்டிகளைக் கென்ட்லெட்ஜ் என்பார்கள். அவசரமென்றால் உயரத்தில் இருப்பதைக் கீழே இறக்குவார்கள்: உச்சிப் பாய்மரத் துண்டுகளையும் குறுக்குக் கட்டைகளையும் கழற்றித் தளத்துக்கு, அதற்கும் அடங்காவிட்டால் மேல்தளப் பீரங்கிகளை அடித்தளத்துக்கு.

கட்டியதே தப்பு என்றால் பேலஸ்ட் முழு மருந்து ஆகாது. வாசாவில் சுமார் 120 டன் கல் கிடந்தது. இன்னும் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டால் கப்பல் இன்னும் அமிழும், ஏற்கெனவே தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த பீரங்கிச் சன்னல்கள் இன்னும் கீழே போகும். வயிறு ஒடுங்கி, தலை கனத்த கப்பல். 64 பீரங்கி, இரண்டு முழுத் தளம். இப்படிப்பட்டதை அகலப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. கர்டிலிங் என்பது கப்பலின் இடுப்பில், தண்ணீர்க் கோட்டை ஒட்டி, தடித்த பலகைகளை வெளிப்புறம் சுற்றி அறைவது. பெயரே இடுப்புக்கச்சைதான். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் பலவற்றுக்கு இந்தக் கச்சை கட்ட வேண்டிவந்தது. ஃபரிங் என்பது பெரிய அறுவைச் சிகிச்சை: பலகைகளைப் பிய்த்துவிட்டு, விலாக்கட்டைகளின் மேல் இன்னொரு அடுக்குக் கட்டை வைத்து, திரும்பப் பலகை அடிப்பது. ஹென்றி மெயின்வாரிங் தன் மாலுமி அகராதியில் இதைப் பற்றி எழுதும்போது கோபமாகவே எழுதுகிறார், இப்படிக் கப்பல் கட்டுகிறவனைத் தண்டிக்க ஆளில்லையே என்று. அந்த அகராதி அச்சானது 1644இல். மெயின்வாரிங் முதலில் கடற்கொள்ளையர், அப்புறம் மன்னிப்பு வாங்கி சர் பட்டத்தோடு கடற்படைக்கு வந்தவர். துரத்தவும் ஓடவும் வேண்டிய தொழிலில் இருந்தவருக்குத் தொட்டாற்சிணுங்கிக் கப்பல் மேல் கோபம் வருவது நியாயம்தான்.

வாசாவுக்குப் பின் அதே பட்டறையில் முடிந்த ஆப்லெட் என்ற கப்பலை அகலம் கூட்டிக் கட்டினார்கள். 1629இல் நீரில் இறங்கியது. அதன் சிதைவை 2021இல் வாக்ஸ்ஹோம் அருகே கண்டுபிடித்து, அடுத்த ஆண்டு இன்னதென்று உறுதி செய்தார்கள்.

மூன்றாவது மருந்து ஒன்று உண்டு, மனிதப் பாரம். நம் பாக்கு நீரிணைப் பக்கத்து வத்தைகளில் குறுக்கே நீளப் பலகை ஒன்றை வெளியே நீட்டி, காற்று வரும் பக்கம் ஆள் ஏறி உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள். சின்னப் படகுக்கு இது போதும். ஆயிரம் டன் கப்பலில் முப்பது ஆள் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஃப்ளெமிங் பார்த்துவிட்டார்.

மாதிரிக் கப்பல்காரர்களுக்கு: உங்கள் கப்பல் கிராங்க் ஆக இருப்பதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. 1:64 அளவில் சுருக்கும்போது அதே காற்றில் சாய்க்கிற திருப்புவிசை 64இன் மூன்றாம் அடுக்கால் குறைகிறது, நிமிர்த்துகிற திருப்புவிசையோ நான்காம் அடுக்கால் குறைகிறது. அதாவது அச்சுஅசலாகச் செய்த மாதிரி, அசல் கப்பலைவிட 64 மடங்கு தொட்டாற்சிணுங்கி. அதனால் அடியில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு தகடும், தகட்டின் நுனியில் ஈயமும் வைத்துக்கொள்ளுங்கள். நான் தூண்டிலுக்குப் போடுகிற ஈயக்குண்டுகளை வாங்கி எம்-சீல் வைத்து ஒட்டினேன். கப்பலுக்கு உள்ளேயே ஈயத்தைக் கொட்டிப் பார்த்தபோது அது தண்ணீர்க் கோட்டைத் தாண்டி அமிழ்ந்ததே தவிர நிமிரவில்லை. ஈயம் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு ஆழத்தில் என்பதுதான் வேலை செய்கிறது.

காற்றே இல்லை, ஆனாலும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது

இங்கேதான் ஆட்கள் அவசரப்பட்டுக் கப்பலைக் கவிழ்ப்பார்கள். மறுபக்கம் விரலால் தள்ளிப் பாருங்கள்.

பழைய பக்கத்துக்கே திரும்பி வந்தால் அது லிஸ்ட். பாரம் ஒரு பக்கம் கூடுதல், அவ்வளவுதான். அதில் கொஞ்சம் எடுத்து மறுபக்கம் வையுங்கள்.

தள்ளிய பக்கமே போய், அங்கேயும் அதே அளவு சாய்ந்து நின்றுகொண்டால் விஷயம் வேறு. இந்த நிலைக்கு இன்றைய மாலுமிகள் லோல் என்கிறார்கள். நிமிர்ந்து நிற்கவே முடியாத அளவுக்கு எடை மேலே இருக்கிறது. எந்தப் பக்கமாவது சாய்ந்தால்தான் அதற்கு ஒரு இருப்பு. சாய்ந்திருக்கிறதே என்று மேல்பக்கத்தில் பாரம் ஏற்றினால் மெல்ல நிமிர்ந்து, நடுவைத் தாண்டியதும் தடாலென்று மறுபக்கம் விழும், விழுகிற வேகத்தில் நிற்காமல் கவிழவும் கவிழலாம். செய்ய வேண்டியது: பக்கவாட்டில் எதையும் நகர்த்தாதீர்கள், மேலிருப்பதை நேராகக் கீழே இறக்குங்கள்.

பயணத்தின் நடுவே திடீரென்று லிஸ்ட் வந்தால் சரக்கு சரிந்திருக்கிறது என்று பொருள். தானியத்தை மூட்டையில்லாமல் கொட்டி ஏற்றினால் அது தண்ணீர் மாதிரி ஓடும். ஜெர்மனியின் நான்கு பாய்மரக் கப்பல் பாமிர், புவெனோஸ் அயர்ஸிலிருந்து வாற்கோதுமை ஏற்றிக்கொண்டு வரும்போது 1957 செப்டம்பர் 21 அன்று அட்லாண்டிக்கில் கேரி என்ற புயலில் சிக்கியது. கொட்டி ஏற்றிய தானியம் சரிந்தது, கப்பல் கவிழ்ந்தது. 86 பேரில் பிழைத்தவர்கள் 6 பேர்.

சாய்வதே இல்லை, ஆனால் வெடுக் வெடுக்கென்று ஆடுகிறது

இது எதிர்ப்பக்க நோய். ஸ்டிஃப் என்பது அடிப்படையில் பாராட்டுச் சொல், பாய் தாங்கும் கப்பல் என்று. அளவுக்கு மீறினால் அதே சொல் புகார் ஆகிவிடும். ஈயம், இரும்புத் தண்டவாளம் மாதிரிச் சரக்கை அடியிலேயே போட்டால் எடை மையம் மிகவும் கீழே போய்விடும். அலை ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் கப்பல் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி சடாரென்று நிமிரும். பொம்மைக்குப் பாய்மரம் கிடையாது. கப்பலுக்கு உண்டு, அதுவும் உயரத்தில், கயிறுகளை நம்பி. அந்த வெட்டில் கயிறு தளரும், பலகை இடுக்கு விரியும், கடைசியில் மரமே முறிந்து கடலுக்குப் போகும். இப்படி உடம்பை வருத்திக்கொள்ளும் கப்பலை லேபர்சம் என்றார்கள்.

மருந்து, கேட்க விசித்திரமாக இருந்தாலும், பாரத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றுவது. அடியில் மரக்கட்டை பரப்பி அதன்மேல் இரும்பை அடுக்குவார்கள், கொஞ்சத்தை இரு ஓரங்களுக்கும் தள்ளி வைப்பார்கள். ஓரத்தில் பாரம் இருந்தால் ஆட்டம் மெதுவாகும். கிராங்க் கப்பலைப் பார்த்துப் பயந்து கிடைத்த ஈயத்தையெல்லாம் அடியில் கட்டுகிற மாதிரிக் கப்பல்காரர்கள் கடைசியில் இங்கே வந்துதான் நிற்பார்கள். நானும் நின்றேன், முன்பாய்மரம் போச்சு.

சாய்ந்து உறுதியாக நிற்கிறது, அப்புறம் ஒரே அடியாகப் போய்விடுகிறது

இந்த நோய்க்குப் பழைய சொற்களில் சரியான பெயர் இல்லை, அதனால்தான் இது ஆளைக் கொன்றது. கிராங்க், ஸ்டிஃப் எல்லாமே முதல் சில டிகிரிச் சாய்வில் கப்பல் நடந்துகொள்வதைப் பார்த்து வைத்த பெயர்கள். 30 டிகிரியில் என்ன செய்யும் என்பதை அவை சொல்லாது. ஆரம்பத்தில் ஸ்டிஃப் என்று பேர் வாங்கிய கப்பல், தளத்தின் விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் கைவிட்டுவிடலாம்.

எச்.எம்.எஸ். கேப்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். சுழலும் பீரங்கிக் கூண்டுகள், முழு அளவுப் பாய்மரங்கள், இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்கு ஆறரை அடி உயரத்தில் தளம். கௌப்பர் கோல்ஸ் என்ற கடற்படை அதிகாரியின் கனவுக் கப்பல். கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் ஆரம்பம் முதலே எதிர்த்தார். இதன் நிமிரும் விசை 21 டிகிரிச் சாய்விலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். அதே காலத்து மோனார்க் கப்பலுக்கு அந்த உச்சம் 40 டிகிரியில். கணக்கு போட்டு முடிப்பதற்குள் கப்பல் கடலுக்குப் போயிருந்தது. 1870 செப்டம்பர் 6 அன்று பார்வையிட வந்த அட்மிரல் மில்ன், தளத்தின் தாழ்ந்த விளிம்பில் தண்ணீர் அலம்புவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தன் கப்பலுக்குத் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குப் பின் ஸ்பெயினின் ஃபினிஸ்டெர் முனைக்கு அப்பால் கேப்டன் கவிழ்ந்தது. பிழைத்தவர்கள் 18 பேர். கோல்ஸ் அவர்களில் இல்லை.

சரிபார்க்கும் வழி: மாதிரிக் கப்பலை விரலால் தள்ளிக்கொண்டே போங்கள், தளத்தின் விளிம்பு நனையும் வரை, அதற்கும் அப்பால். விரலுக்கு எதிர்ப்பு எந்த இடத்தில் குறைகிறதோ அதற்கு முன்னாலேயே உங்கள் பாயைச் சுருக்கியிருக்க வேண்டும். மருந்து தளத்தை உயர்த்துவது, அல்லது பாயைக் குறைப்பது, வேறு குறுக்குவழி இல்லை. சன்னல், கதவு எல்லாவற்றையும் மூடி வைப்பதும் இதில்தான் சேரும். திறந்த பீரங்கிச் சன்னல் இருந்தால் உங்கள் தளத்தின் விளிம்பு அந்தச் சன்னலின் கீழ்க்கட்டைதான். ஸ்வீடனின் குரோனன் 1676 ஜூன் 1 அன்று ஓலண்ட் அருகே நிறைய பாயோடு, திறந்த சன்னல்களோடு திரும்பப் போய் இப்படித்தான் சாய்ந்தது, சாய்ந்த பின் வெடித்தும் போனது. வாசா முடிந்து ஐம்பது வருடம்கூட ஆகவில்லை.

கிளம்பும்போது நன்றாக இருந்தது, இரண்டு மாதத்தில் கெட்டுவிட்டது

கப்பலைச் சந்தேகப்படாதீர்கள், சாப்பாட்டைப் பாருங்கள். அடித்தளத்தில் இருந்த தண்ணீர்ப் பீப்பாயும் உப்புக்கண்டமும் மாலுமிகளின் வயிற்றுக்குள் போய்விட்டன, மேலே இருக்கும் மரமும் பீரங்கியும் அப்படியே இருக்கின்றன. காலிப் பீப்பாய்களில் கடல் நீர் நிரப்புங்கள். பீப்பாய் கெடும், அடுத்த துறைமுகத்தில் கழுவுகிறவன் திட்டுவான், பரவாயில்லை. பாதி மட்டும் நிரப்பாதீர்கள், உள்ளே அலம்புகிற தண்ணீர் சாய்கிற பக்கமே ஓடும்.

தளத்தில் ஏறிய தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது

செரோக்கி வகைப் பத்துப் பீரங்கிக் கப்பல்களுக்கு மாலுமிகள் காஃபின் பிரிக் என்று பேர் வைத்திருந்தார்கள், மிதக்கும் சவப்பெட்டி. நூற்றுக்கும் மேல் கட்டினார்கள். தளத்தைச் சுற்றி உயரமான பக்கச்சுவர். அலை ஏறினால் தொட்டி மாதிரி நிரம்பும், அந்தத் தண்ணீரின் எடை மேலேயே உட்கார்ந்துகொண்டு கப்பலை எழவிடாது. டார்வின் போன பீகிள் இந்த வகைதான். 1831இல் கேப்டன் ஃபிட்ஸ்ராய் மேல்தளத்தை உயர்த்திக் கட்ட வைத்தார், தளத்தில் தங்கும் தண்ணீர் குறைந்தது. அப்படியும் 1833 ஜனவரி 13 அன்று ஹார்ன் முனைப் பக்கம் தொடர்ந்து வந்த மூன்று பெரிய அலைகள் அதைப் படுக்கவைத்தன. பக்கச்சுவரின் சன்னல்களைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிய பின்தான் நிமிர்ந்தது. மாதிரிக் கப்பலில் சின்ன ஆணியைச் சூடாக்கிப் பக்கச்சுவரின் அடியில் நாலு ஓட்டை போடுங்கள், போதும்.

சுக்கானை விட்டால் மூக்கு தானே காற்றுப் பக்கம் திரும்புகிறது

சாய்வு நோய் அல்ல, ஆனால் சாய்வில் கொண்டுபோய் விடும். கிரைப் என்றோ ஆர்டென்ட் என்றோ சொல்வார்கள். பின்பாய் அதிகம், அல்லது அணியம், அதாவது கப்பலின் முன்பக்கம், அமிழ்ந்திருக்கிறது. பாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், பின்பாயைச் சுருக்குங்கள். பின்காற்றில் ஓடும்போது இதே பழக்கம் முற்றினால் கப்பல் சட்டென்று அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். ப்ரோச்சிங் டு என்பது அது.

வேலைக்காக நாமே சாய்த்தோம், திரும்ப வரவில்லை

பார்லமென்ட் ஹீல். அடிப்பக்கம் பழுது பார்க்க, நங்கூரம் போட்ட இடத்திலேயே பீரங்கிகளை நகர்த்திக் கப்பலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கும் முறை. 1782 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் 100 பீரங்கிக் கப்பலான ராயல் ஜார்ஜை இப்படிச் சாய்த்து வைத்துவிட்டு, தாழ்ந்த பக்கத்திலேயே ரம் பீப்பாய்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சன்னல்கள் திறந்திருந்தன. கப்பலைப் பார்க்க வந்த குடும்பங்களும் உள்ளே. சுமார் 900 பேர் போனார்கள். சாய்த்த பக்கத்தில் எதையும் ஏற்றக்கூடாது என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீரில் சரி, தரையில் வைத்தால் விழுகிறது

இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: கிராங்க் பை தி கிரவுண்ட். அடிவயிறு ஒடுங்கிய கப்பல், கடல் வற்றித் தரைதட்டினால் பக்கவாட்டில் உருளும். வில்லியம் ஃபால்கனரின் 1769 அகராதியில் இருக்கிறது; அந்த வருடக் கடைசியில் ஃபால்கனர் இந்தியாவுக்குக் கிளம்பிய அரோரா கப்பலில் கேப்டவுனைத் தாண்டிக் காணாமல் போனார். இப்படிப்பட்ட கப்பலை வற்றும் கரையில் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் இருபுறமும் முட்டுக்கட்டை கொடுங்கள்.

என் கப்பலுக்கு இப்போது மற்ற எல்லா நோயும் தீர்ந்து இது ஒன்றுதான் மிச்சம். தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஈயத் தகடு தரையில் தட்டி விழுகிறது. அம்மாவின் பழைய சும்மாடு ஒன்றைச் சுற்றி அதன்மேல் உட்கார வைத்திருக்கிறேன்.